சிப்பாயின் நெற்றிப் பொட்டு

"பெயர்: திருமதி பா. பகவதி. பதவி: முதுநிலை ஆய்வாளர், பெயிண்ட் பிரிவு. நிறைகள்: மேற்பரப்பில் எந்தக் குறையையும் பொறுத்துக்கொள்ளாதவர். கீறல், கறை, தூசி, துரு ஆகியவற்றைக் கண்டுபிடித்து நீக்குவதில் நிகரற்றவர். குறைகள்: குறிப்பிடும்படி இல்லை. பணிக்கு அப்பாற்பட்ட ஆர்வங்கள்: இல்லை."

செகந்திராபாத்தை அடுத்த பாலாநகரில் விமானங்களுக்கான மின்னணுப் பெட்டிகள் செய்யும் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் ஊழியரைப் பற்றி மேலதிகாரி எழுதும் ஆண்டறிக்கை இது. 1998 தொடங்கிப் பத்து ஆண்டுகள் பகவதியைப் பற்றி இதே வாசகம்தான் எழுதப்பட்டது. மேலதிகாரிகள் மூன்று பேர் மாறினார்கள், கையெழுத்து மாறியது, வாசகம் மாறவில்லை. புதிதாக வருபவர் பழையவர் எழுதியதைப் பார்த்து எழுதிவிட்டால் யாருக்கும் சங்கடமில்லை. முதல் பாதி உண்மையும்கூட. பகவதி ஒரு பெட்டியைத் திருப்பி அனுப்பினால் அதிலுள்ள கீறலைக் காண மற்றவர்களுக்குப் பூதக்கண்ணாடி வேண்டும், அவருக்கு வேண்டாம்.

கடைசி வரிதான் பொருந்தவில்லை. ஆர்வங்கள் இல்லை என்று எழுதப்பட்ட பத்து வருடங்களில் ஏழு வருடங்கள், பாலாநகருக்குப் பக்கத்துச் சிந்தலில் இரண்டாம் மாடி வீட்டில், ஞாயிற்றுக்கிழமைதோறும் பகவதி கீறல், கறை, தூசி, துரு ஆகியவற்றை உண்டாக்கிக்கொண்டிருந்தார். உள்ளங்கையில் அடங்கும் பழங்காலச் சிப்பாய்களின் மேல்.

ஆரம்பித்தது எரிச்சலில். 1999இல் கலிபோர்னியாவுக்குப் போன தம்பி வெங்கட், இரண்டு வருடம் கழித்து, பகவதியின் மகள் மஹதியின் ஒன்பதாவது பிறந்தநாளுக்கு ஒரு பொம்மை அனுப்பினான். பெட்டியைத் திறந்தால் உள்ளே சாம்பல் நிறத்தில் பதினோரு துண்டுகள், ஒரு பிரஷ், ஆறு சின்னச் சீசாக்களில் பெயிண்ட். ஒட்டி முடித்தால் நெப்போலியன் காலத்துக் குதிரைவீரன் வருவான் என்று மூடியில் படம் போட்டிருந்தது. மஹதி ஒரு துண்டை எடுத்துப் பார்த்தாள். "தலை தனியா இருக்கு. நக்கோ, வேணாம்," என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

பகவதி மூடியின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பூட்ஸப் பாருங்களேன்," என்று கணவர் பாலச்சந்திரனிடம் நீட்டினார். "குதிரைல ஏறி இறங்குதவன் பூட்ஸ் இப்படியா மினுங்கும்? இது தோலா, பக்கெட்டா?"

பாலச்சந்திரனுக்கு ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் வேலை. ஷிப்ட் முடிந்து வந்திருந்தார். "பிடிக்கலன்னா ரிஜெக்ட் பண்ணி கலிபோர்னியாவுக்கே அனுப்பிரு," என்றார்.

அப்படி அனுப்ப வழியில்லாததால் பகவதி திருத்த உட்கார்ந்தார். தோல் என்பது ஒரு நிறமல்ல என்பது முதல் ஞாயிற்றுக்கிழமையே தெரிந்துவிட்டது. அடியில் கரும்பழுப்பு, அதன்மேல் மயிர் உதிர்ந்த பழைய பிரஷால் கொத்திக் கொத்தி நாலைந்து பழுப்புகள், மடிப்பு விழும் இடத்தில் வெளிறல். கீறல் வேண்டுமென்றால் ஒரு கரிய மயிரிழைக் கோடு, அதை ஒட்டிக் கீழே ஒரு வெளிர் கோடு. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் கண், அங்கே பள்ளம் இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. கம்பளிக்குக் குறுக்கும் நெடுக்குமாக நூல் நூலாகக் கோடுகள். துருவுக்கு, பார்சல் பெட்டியில் வரும் ஸ்பாஞ்சைப் பிய்த்து இடுக்கியில் பிடித்து ஒற்றி எடுக்க வேண்டும். பளபளப்பு கண்ணிலும் கீழுதட்டிலும் மட்டும் இருக்கலாம், வேறெங்கும் கூடாது.

பெயிண்ட் காயாமலிருக்க எவர்சில்வர் டிபன் டப்பாவில் இட்லித் துணியை நனைத்து மடித்து, மேலே பட்டர் பேப்பர் விரித்துக் கலந்தார். பொம்மையைக் கையில் பிடித்தால் விரல் எண்ணெய் படும் என்று, பாலச்சந்திரன் கொண்டுவந்த காலி மாத்திரை டப்பாக்களின் தலையில் ஒட்டிக்கொண்டார். இதனால் ஒரு பிரெஞ்சுத் தளபதி ஒரு மாதம் முழுக்கக் குடற்புழு மாத்திரை டப்பாமேல் நின்று போருக்குக் கட்டளையிட நேர்ந்தது. தொழிற்சாலையிலிருந்து ஒரு சொட்டு பெயிண்டும் வீட்டுக்கு வந்ததில்லை. வெங்கட் அனுப்புவான்; இல்லாவிட்டால் அபிட்ஸ் கடைத்தெருவில் ஒரு கடையில் கிடைப்பது.

பாலச்சந்திரன் உறவினர்களிடம் மனைவியை இப்படி அறிமுகம் செய்வார்: "ஆபீஸ்ல கீறல் இருந்தா திருப்பி அனுப்புதா. வீட்டுல கீறல் இல்லன்னா திருப்பி அனுப்புதா. ரெண்டுக்கும் ஒரே மூஞ்சிதான்."

படிப்பு பேருந்தில் நடந்தது. கண்டக்டரின் தோள்பையில் இருபது வருடத் தோல் இருந்தது. கொக்கி உரசும் இடம், விரல் நுழையும் வாய், மழையில் நனைந்து காய்ந்த அடிப்பாகம். சிந்தலிலிருந்து பாலாநகர் வரை பகவதி அதையே பார்த்துக்கொண்டு வருவார். ஒருநாள் கண்டக்டர், என்ன வேண்டும் என்று தெலுங்கில் கேட்டார். பையைப் பார்க்கிறேன் என்று பகவதியும் தெலுங்கில் உண்மையைச் சொன்னார். அன்றிலிருந்து அந்தக் கண்டக்டர் அவரைக் கண்டதும் பையை மறு தோளுக்கு மாற்றிக்கொள்வது வழக்கமாயிற்று.

2004இல் செகந்திராபாத்தில் ஒரு மண்டபத்தில் 'தக்காண மாடல் மன்றம்' ஆண்டுக் கண்காட்சி நடத்துவதாகப் பத்திரிகையில் பார்த்து, பகவதி மூன்று பொம்மைகளோடு போனார். மன்றத்தில் முக்கால்வாசிப் பேர் மாதாப்பூர்க் கணினி நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்கள். வெளிநாடு போய்வரும்போது பெட்டி நிறையப் பீரங்கிகளோடு திரும்பும் ஆண்கள். அவர்கள் பகவதியைப் பார்வையாளர் என்று நினைத்து நாற்காலி போட்டார்கள்.

போட்டியில் இரண்டு பிரிவுகள்: புதியவர், தேர்ந்தவர். புதியவர் பிரிவில் தங்கம் வாங்கினால்தான் தேர்ந்தவர் பிரிவுக்குள் போகமுடியும். விதிகள் ஒன்பது. அவற்றில் ஏழாவது: பொம்மையின் மேற்பரப்பில் தெரியும் எல்லாமே பெயிண்டாக இருக்க வேண்டும், உண்மையான மண், துரு, துணி, தோல் எதையும் ஒட்டக்கூடாது. முந்தைய வருடம் ஒருவர் மோட்டார் சைக்கிள் சைலன்சரிலிருந்து துருவைச் சுரண்டிப் போட்டுத் தங்கம் வாங்கிவிட்டார். பெரிய தகராறாகி விதி ஏழு பிறந்தது.

பகவதிக்குத் தங்கம் வரவில்லை. பாராட்டுச் சான்றிதழ் வந்தது. நடுவர் குறிப்பு: "மிக நேர்த்தி." அடுத்த வருடமும் சான்றிதழ். "நேர்த்தி சற்று அதிகம்." 2006இல் "அழுக்கு ஒழுங்காக இருக்கிறது" என்று எழுதினார்கள். 2007இல் தலைமை நடுவர் கிருஷ்ணபிரசாத் எழுதாமல் நேரிலேயே சொன்னார். கோயம்புத்தூர்க்காரர், பெரிய மென்பொருள் நிறுவனமொன்றில் பெரிய பதவி, போர் வரலாற்றுப் புத்தகங்களுக்காகவே ஓர் அறை வைத்திருப்பவர்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க அழுக்கு குளிச்சிட்டு வந்த மாதிரி இருக்குதுங்க."

பகவதி தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்து அளந்து பார்த்தார். அந்த வருடத்துக் குதிரைவீரனின் சேணத்தில் பதினான்கு கீறல்கள். ஒவ்வொன்றுக்கும் இடையே சரியாக ஒன்றரை மில்லிமீட்டர். வேண்டுமென்று அப்படிச் செய்யவில்லை. இருபத்தைந்து வருடம் குறைகளைத் தேடிய கை, ஒரு குறையைப் போடும்போதுகூட அதை வரிசையில் நிறுத்திவிடுகிறது. இடது கையால் போட்டுப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு போட்டுப் பார்த்தார். மஹதியைக் கூப்பிட்டு நாலு கீறல் போடச் சொன்னார். அவள் போட்டுவிட்டுப் போன பிறகு அவற்றில் இரண்டைத் திருத்தினார். தற்செயல் என்ற ஒன்று அவருக்குக் கைவரவில்லை.

அந்த வருடத்திலிருந்து அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். தன் கையால் போட்ட ஓர் அழுக்கை, பார்க்கத் தெரிந்த ஒருவர் உண்மை என்று நம்ப வேண்டும். தங்கம் அதற்கு அத்தாட்சி.

2008 போட்டிக்கு அவர் எடுத்துக்கொண்டது ஒரு மார்பளவுச் சிப்பாய். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில், 1806இல் இருந்தவன். தலை ஒரு பெரிய நெல்லிக்காய் அளவு. சிவப்புக் கோட்டு, மார்பில் குறுக்கு வார்கள், தோளில் சாய்த்த துப்பாக்கிக் குழாய், தலையில் புது மாதிரித் தலைப்பாகை. அந்தத் தலைப்பாகையையும், அணிவகுப்பில் நெற்றிக்குறி கூடாது என்ற உத்தரவையும் எதிர்த்துத்தான் அந்த வருடம் வேலூரில் சிப்பாய்கள் கிளர்ந்தார்கள். பகவதி இதையெல்லாம் படித்துவிட்டு, உத்தரவுப்படி நெற்றியை வெறுமையாக விட்டார். அவருடைய சிப்பாய் விதிமுறைக்கு உட்பட்டவன்.

எட்டு மாத ஞாயிறுகள் ஆயின. வார்களின் தோல் மட்டும் மூன்று மாதம். முகத்துக்குக் கடைசியாகப் பளபளப்பில்லாத வார்னிஷ் ஒரு பூச்சு பாக்கி. அப்போது பார்த்துப் பக்கத்து மனையில் ஐந்து மாடிக் கட்டடம் எழும்பத் தொடங்கியது. நாள் முழுக்கத் துளைபோடும் சத்தம். ஜன்னலை மூடினாலும் சிமென்ட் தூசி. தூசியைத் தத்ரூபமாக வரைய எட்டு மாதம் செலவிட்டவர், உண்மைத் தூசிக்குப் பயந்து சிப்பாயைத் தொழிற்சாலைக்குத் தூக்கிக்கொண்டு போனார். பெயிண்ட் ஷாப்பில் நிறம் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு லைட் பாக்ஸ் உண்டு. கதவு வைத்த பெட்டி, உள்ளே பகல் வெளிச்சம் மாதிரியான விளக்கு, தூசி புகாது. மதிய உணவு இடைவேளையில் அதற்குள் வைத்து முகத்தை முடித்துவிடலாம் என்பது கணக்கு.

கேட்டில் காவலர் பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பதிவேட்டில் எழுதினார்: "பொம்மை ஒன்று. நிலை: உடைந்தது, கைகள் இல்லை. ஆயுதம்: உண்டு." கடைசிச் சொல்லைத் தானே படித்ததும் அவருக்குச் சந்தேகம் வந்து, பிரிவு மேலாளர் சுந்தரேசனை வரவழைத்தார்.

சுந்தரேசன் வந்து பார்த்தார். "இருபத்தாறு வருஷத்துல ஒரு ஸ்பூன்கூட உள்ள கொண்டுவந்ததில்ல நீங்க. முதமுதல்ல துப்பாக்கியோட வர்றீங்களேம்மா," என்றார். பிறகு, திருப்பி எடுத்துப்போகும் பொருள் என்று கையெழுத்துப் போட்டார். உடம்பு எங்கே என்று தணிக்கையில் கேட்டால் பகவதியே பதில் சொல்ல வேண்டும் என்பது நிபந்தனை.

சிப்பாய் லைட் பாக்ஸுக்குள் போனான். மறுநாள் பிற்பகல் தொழிற்சாலையில் ஆயுத பூஜை. வீட்டிலும் பூஜை என்பதால் பகவதி, முகத்துக்கான வார்னிஷை விடுமுறைக்குப் பிறகு என்று தள்ளிவைத்து, அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பெயிண்ட் ஷாப்பில் ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பது தேவராஜின் பொறுப்பு. ஸ்ப்ரே பெயிண்டர். பொலாரத்தில் பிறந்த தமிழர். அங்கேயே சர்ச்சின் பாடகர் குழுவான கொயரில் பாடுகிறவர். பத்தொன்பது வருடங்களாக எந்திரங்களுக்குப் பொட்டு வைப்பது அவர்தான். வேறு யார் வைத்தாலும் வட்டம் வட்டமாக வருவதில்லை. நடுவில் ஒரு வருடம் வேறொருவர் வைத்தபோது, கம்ப்ரசரில் பொட்டு வழிந்திருப்பதாகக் குறை சொல்லி வேலையைத் தேவராஜுக்கே மீட்டுத் தந்தவர் பகவதி.

இரண்டு நாள் விடுமுறை முடிந்து வெள்ளிக்கிழமை காலை பகவதி லைட் பாக்ஸைத் திறந்தார். சிப்பாயின் நெற்றியில் மஞ்சள் கலந்த சந்தனம், அதன்மேல் குங்குமம். துப்பாக்கிக் குழாயிலும் ஒன்று. மறுநாள் காலை பத்து மணிக்குப் பொம்மையை மண்டபத்தில் ஒப்படைக்க வேண்டும்.

"தேவராஜ்," என்று கூப்பிட்டார். சத்தம் போட்டுக் கூப்பிடவில்லை. அதனால்தான் தேவராஜ் பயந்தார்.

"என்னா மேடம்?"

"இது யாரு வேலை?"

தேவராஜ் எட்டிப் பார்த்தார். "நம்ம வேலைதான் மேடம். அந்த டப்பாக்குள்ள எது இருந்தாலும் வெக்கிறதுதானே. போன வருஷம் லென்ஸுக்குகூட வெச்சேன், நீங்க ஒண்ணும் சொல்லல. இவன் வேற துப்பாக்கி வெச்சிருக்கான். ஆயுதம் இல்லியா?"

"இது என்னோட பொம்மை தேவராஜ். நாளைக்குப் போட்டிக்குப் போவுது."

"அய்யோ. எனக்கு எப்டி தெரியும் மேடம்? சின்ன மூஞ்சாச்சே, விரலு நக்கோன்னு தீக்குச்சில வெச்சேன். அளவு சரியாத்தானே இருக்குது?"

அளவு சரியாகத்தான் இருந்தது. பகவதி அதைக் கவனித்துவிட்டார். கவனிக்காமல் இருக்க அவரால் முடியாது. ஈரப் பஞ்சை எடுத்தார். துப்பாக்கிக் குழாய்க்கு ஏற்கெனவே வார்னிஷ் பூசியிருந்ததால் பொட்டு அப்படியே வந்துவிட்டது. நெற்றிக்கு வார்னிஷ் இன்னும் போடவில்லை. முதல் துடைப்பில் குங்குமம் வலது புருவம் வரை இழுத்துக்கொண்டு போனது. இரண்டாவது துடைப்பில் சந்தனம் பாதி உதிர்ந்து, மஞ்சள் மட்டும் பெயிண்டுக்குள் இறங்கி நின்றுவிட்டது. மூன்றாவது தடவை துடைத்தால் தோலின் நிறமே கிளம்பும் என்று தெரிந்து, கையை எடுத்துவிட்டார்.

அன்று மாலை வீட்டில் விவாதம் நடந்தது. அனுப்பப் போவதில்லை என்றார் பகவதி.

"எட்டு மாசம் ஒழைச்சிருக்க," என்றார் பாலச்சந்திரன். "நெத்தியப் பாத்தா மார்க் போடுதாவ? வார் இருக்கு, கோட்டு இருக்கு. வச்சிட்டு வா."

"கறை இருக்கே."

"ஏ பகவதி, அழுக்கு பத்தாதுன்னுதானே அவன் நாலு வருஷமாச் சொல்லுதான்?"

மஹதிக்கு அப்போது பதினாறு வயது, இண்டர்மீடியட் முதலாண்டு, அதாவது பதினொன்றாம் வகுப்பு. போனிலிருந்து தலையைத் தூக்காமல், "அம்மா, இட்ஸ் ஃபைன். அச்சா லக்தா ஹை," என்று நன்றாகத்தான் இருப்பதாக இந்தியில் சொன்னாள்.

பகவதி கடைசியில் கொண்டுபோய் வைத்தார். விண்ணப்பத்தில் கறையைப் பற்றி எழுத இடம் இல்லை. எழுதத் தேவையும் இல்லை என்று அவர் நினைத்தார். நடுவர் என்று உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கண் இருக்கும், பார்த்ததும் கழித்துவிடுவார்கள். இது அவர் தொழில் தந்த நம்பிக்கை.

கிருஷ்ணபிரசாத் சிப்பாயின் முன் பத்து நிமிடம் நின்றார். பூதக்கண்ணாடியை எடுத்தார். மற்ற இரண்டு நடுவர்களையும் கைகாட்டி அழைத்தார்.

"துடைச்சிருக்கான் பாருங்க," என்றார். "பரேடுக்கு நெத்தில குறி கூடாதுன்னு உத்தரவு. இவன் காலைல வெச்சிட்டு, பியூகிள் சத்தம் கேட்டதும் புறங்கையால துடைச்சிட்டு ஓடி வந்திருக்கான். முழுசாப் போகலைங்க. வேலூர் மொத்தமும் இந்த நெத்தில இருக்குது."

தங்கம் பகவதிக்கு. ஒலிபெருக்கியில் பெயர் சொன்னார்கள். பதக்கத்தைக் கழுத்தில் போடும்போது பகவதி கிருஷ்ணபிரசாதிடம் மெதுவாகச் சொன்னார்: "சார், அது நான் போட்டதில்ல."

"அப்படித்தாங்க தெரியுது," என்றார் அவர். "யாருமே போட்ட மாதிரி இல்ல. அதுக்குத்தானே தங்கம்."

அடுத்த பெயரைச் சொல்லிவிட்டார்கள். பகவதி மேடையிலிருந்து இறங்கினார்.

திங்கட்கிழமை பெயிண்ட் ஷாப்பில் இனிப்பு கொடுத்தார். தேவராஜ் ஒரு லட்டை எடுத்துக்கொண்டு, எதற்கு மெடல் என்று கேட்டார். நெற்றிக்கு என்று பகவதி சொன்னார்.

"நெத்திக்கா? நான் வெச்சதுக்கா?" தேவராஜ் ஷாப் முழுவதும் கேட்கச் சிரித்தார். "ஹவ், ஆமா மேடம், அப்போ பாதி மெடல் நம்முது. சாயங்காலம் வெட்டிக் குடுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். தேவராஜ் அதை விளையாட்டாகத்தான் சொன்னார். பகவதிக்கு அது தன் மேசைக்கு வந்த ஆய்வறிக்கை மாதிரி இருந்தது. அதில் ஒரு பிழையும் இல்லை. இன்னும் சொல்லப்போனால் தேவராஜ் தாராளமாகப் பாதியை விட்டுக்கொடுத்திருந்தார்.

அன்றிரவே மன்றத்துக்குக் கடிதம் எழுதினார். நாலு வரி. நெற்றியில் இருப்பது உண்மையான சந்தனம், மஞ்சள், குங்குமம். வைத்தவர் சக ஊழியர். துடைத்தது மட்டும் நான். விதி ஏழின்படி பொம்மை போட்டிக்கு ஏற்றதல்ல. பதக்கத்தைத் திருப்பித் தருகிறேன்.

கிருஷ்ணபிரசாத் போன் செய்தார். அவருக்கும் சங்கடம். மன்றத்தின் செய்தி மடலில் அந்த நெற்றியைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதி அச்சுக்கு அனுப்பிவிட்டிருந்தார்.

"யாருக்கு மேடம் தெரியப்போகுது?"

"ஷாப்ல நாப்பத்திரண்டு பேருக்குத் தெரியும் சார்."

"விதியை வேணா திருத்திக்கலாமுங்க. பூஜைப் பொருள் நீங்கலாகன்னு ஒரு வரி சேத்துட்டாப் போதும்."

"சைலன்சர் துருவுக்கும் பூஜை பண்ணியிருந்தா என்ன செய்வீங்க?"

கிருஷ்ணபிரசாத் திருத்தப் பேச்சை விட்டுவிட்டார். பிறகு, பதக்கத்தை எப்போது அனுப்புகிறீர்கள் என்று கேட்டார்.

பதக்கம் போனது. விஷயம் அதோடு முடிந்தது என்று பாலச்சந்திரன் நினைத்தார். சிப்பாயை டிவிக்குப் பக்கத்தில் வைக்க இடமும் பார்த்துவிட்டார். ஆனால் பகவதி பிளாஸ்டிக் ஸ்பூன்கள் முப்பது வாங்கி, நெற்றிபோல் வளைந்த பின்பக்கத்தில் சிப்பாயின் தோல் நிறத்தைப் பூசிக் காயவைத்தார்.

"இனி யாருக்குப் பாயசம்?" என்றார் பாலச்சந்திரன்.

"அந்தப் பொட்ட எடுத்துட்டு நான் போடப்போறேன்."

"எந்தப் பொட்ட?"

"அதே பொட்ட."

பாலச்சந்திரன் சற்று யோசித்தார். "இருக்கிறத எடுத்துட்டு, இருக்கிற மாதிரியே போடப்போற."

"ஆமா."

"சரி," என்று அவர் தினசரியைப் பிரித்துக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து தேவராஜ் கோட்டும் டையுமாக வந்தார். கையில் சந்தனப் பொடி, மஞ்சள், குங்குமம், ஒரு தீப்பெட்டி. முப்பது ஸ்பூனுக்கும் பொட்டு வைத்தார். "ஜென்மத்துல முப்பது பேருக்கு ஒரே மூச்சுல வெச்சதில்ல மேடம். பாஸ்டர் பாத்தாருன்னா தொலைஞ்சேன்."

பிறகு ஈரப் பஞ்சால் துடைக்கச் சொன்னார் பகவதி. முதல் ஏழெட்டு சரியாக வரவில்லை. துடைக்கச் சொன்னதும் தேவராஜ் துடைப்பதைப் பற்றி யோசிக்க ஆரம்பித்துவிட்டார். யோசித்துத் துடைத்த கறை, பகவதி போட்ட கீறல் மாதிரியே வரிசையில் நின்றது. ஆகவே பகவதி பேச்சுக் கொடுத்தார். கொயரில் யார் யாருக்குள் சண்டை என்று கேட்டார். தேவராஜுக்கு அதில் சொல்ல நிறைய இருந்தது. ஆர்கன் வாசிப்பவர், இன்னொருவரின் தாளத்தைப் பற்றி என்ன சொன்னார் என்பதற்கு வந்தபோது பதினேழாவது ஸ்பூன் துடைபட்டது.

"இது போதும்," என்றார் பகவதி.

"மீதி கதைய கேக்கலியா மேடம்?"

"சொல்லுங்க. ஸ்பூன் வேண்டாம்."

அந்தப் பதினேழாவது ஸ்பூனை முன்னால் வைத்துக்கொண்டு அவர் பார்த்த ஞாயிறுகள் ஆறு. மஞ்சள் பள்ளத்தில் தங்குகிறது, குங்குமம் மேட்டில் நிற்கிறது. துடைத்த தடம் அகலமாகத் தொடங்கி, நடுவில் ஒருமுறை விட்டுப்போய், முடியும் இடத்தில் இரண்டாகப் பிரிகிறது. பிரிந்த இரண்டும் ஒரே நீளமில்லை. எவ்வளவு வித்தியாசம் என்று அளந்து எழுதிக்கொண்டார். தற்செயல் தானாக வராவிட்டால் அளந்தாவது போட்டுவிடலாம் என்பது அவர் கண்டுகொண்டது. பிறகு சிப்பாயின் நெற்றியிலிருந்து உண்மைப் பொட்டைச் சர்ஜிக்கல் பிளேடால் சுரண்டி எடுத்து, பிரைமர் என்ற அடிப்பூச்சு கொடுத்து, தோல் நிறத்தைத் திரும்பக் கொண்டுவந்து, ஆகச் சிறிய பிரஷால் ஐந்து ஞாயிறுகளில் வேலையை முடித்தார். மேலே வார்னிஷ்.

2009 கண்காட்சிக்குச் சிப்பாய் மறுபடி போனான், புதியவர் பிரிவில். திருப்பித் தந்த பதக்கம் கணக்கில் வராது என்பதால் அது விதிப்படி சரி. விண்ணப்பத்தோடு ஒரு தாளில், முந்தைய பொட்டு நீக்கப்பட்டது, இப்போது இருப்பது முழுக்கப் பெயிண்ட் என்று எழுதிக் கொடுத்தார்.

அந்த வருடம் நடுவர்கள் மூன்று பேரும் புதியவர்கள். கிருஷ்ணபிரசாத் பார்வையாளராக வந்திருந்தார். நடுவர்கள் சிப்பாயைச் சுற்றி நின்று கொஞ்ச நேரம் தாழ்ந்த குரலில் பேசினார்கள். கிருஷ்ணபிரசாதையும் கூப்பிட்டார்கள். அவர் பூதக்கண்ணாடியால் பார்த்தார். முதலில் வலப்பக்கம் சாய்ந்து, பிறகு இடப்பக்கம் சாய்ந்து. ஒரு நடுவர் பகவதியின் தாளைக் காட்டினார். கிருஷ்ணபிரசாத் படித்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"எனக்கு இந்த நெத்தி நல்லாத் தெரியுமுங்க," என்றார். "போன வருஷத்துப் பொட்டுதான் இது. எடுக்கலை. வார்னிஷ் மட்டும்தான் போட்டிருக்காங்க."

பகவதி மூன்றடி தள்ளி நின்றிருந்தார். எல்லாம் காதில் விழுந்தது.

சாயங்காலம் குறிப்பு வந்தது. "நெற்றியில் உண்மைப் பொருள் உள்ளது. விதி ஏழின்படி போட்டிக்கு ஏற்றதல்ல." ஒரு மணி நேரத்துக்குள் முறையிடலாம், அப்படியானால் ஓர் ஓரத்தில் வார்னிஷை நீக்கி ஈரப் பஞ்சால் ஒற்றிச் சோதிப்போம் என்றும் எழுதியிருந்தது.

"சொல்ல வேண்டியதுதானே," என்றார் பாலச்சந்திரன். "பஞ்ச வச்சா அஞ்சு நிமிசத்துல தெரிஞ்சிரும். தங்கம் அப்படியே வரும்."

"தெரிஞ்சிரும்," என்றார் பகவதி.

"அப்புறம்?"

"அவுக நல்லாப் பாத்துட்டுத்தான் நெசப் பொட்டுன்னு எழுதியிருக்காவ. கிருஷ்ணபிரசாத் ரெண்டு பக்கமும் சாஞ்சு பாத்தாரு."

மண்டபத்தில் நாற்காலிகளை மடிக்கத் தொடங்கும் வரை அவர்கள் அங்கேதான் இருந்தார்கள். பாலச்சந்திரன் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு மணி நேரம் முடிந்தது. பகவதி சிப்பாயைத் துணியில் சுற்றி டப்பாவில் வைத்தார்.

அவர் முறையிடவில்லை. நெற்றியில் இருந்தது பெயிண்ட். மஞ்சளுக்கு நான்கு பூச்சு, சந்தனத்துக்கு இரண்டு, குங்குமத்துக்கு மூன்று. எல்லாவற்றையும் போட்டவர் பகவதி.